நாவின் பிழையும் நெஞ்சின் பிழையும்

(உலக வணிகத் தலைவர்களின் ஆங்கிலப் பேச்சு பற்றிய ஒரு திறனாய்வு)

மொழி கருத்தைப் புலப்படுத்தும் கருவி என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும், ஒருவர் ஆங்கிலத்தில் நான்கு சொல் பேசத் தொடங்கியவுடன் கருத்தை மறந்து கருவியை எடைபோடத் தலைப்படுகிறோம். அவர் சொன்னது என்ன என்று கேட்பதற்கு முன், அவர் சொன்ன விதத்தில் எத்தனை குறைகள் என்று எண்ணுகிறோம். இப்பழக்கம் நம் வகுப்பறைகளில் எத்தனை நல்ல நாவுகளை அடக்கிவிட்டது என்பதற்குக் கணக்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் படிவ மாணவர் சிலருக்கு ஓர் ஒளிப்பதிவைக் காட்டினேன். டொயோட்டா நிறுவனத்தின் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையைப் படிக்கும் காட்சி அது. “ஐயா, இவ்வளவு பெரிய நிறுவனத்தின் தலைவருக்கு ஆங்கிலம் இவ்வளவுதானா?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. தமிழில் அவ்வகுப்பிலேயே முதல்வன் அவன். ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறக்க மாட்டான். உதவிச் சம்பள நேர்காணல் ஒன்றுக்குச் சென்று, இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை கூறிவிட்டு, மற்றவற்றுக்குத் தலைகுனிந்து இருந்து திரும்பியவன். சிரித்தவர்களை விடுத்து, சிரிக்காத அவனைப் பற்றியே நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

அளவுகோல் எது?

ஒரு நூலைத் திறனாயும்போது முதலில் அளவுகோலை வரையறுத்துக்கொள்கிறோம். பேச்சைத் திறனாய்வதற்கும் அது வேண்டும். நம்மிடம் அதற்குரிய அளவுகோல் இல்லாமலில்லை. வள்ளுவர் பொருட்பாலில் ‘சொல்வன்மை’, ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்று மூன்று அதிகாரங்களை வகுத்தார். 65, 72, 73 ஆகிய எண்களில் அமைந்த அம்முப்பது குறட்பாக்களிலும் அவையில் பேசுவோர்க்கு வேண்டிய இலக்கணம் அடங்கியிருக்கிறது. சொல்லைத் தேர்ந்து சொல்ல வேண்டும். கேட்போரின் தரமறிந்து சொல்ல வேண்டும். அஞ்சாது சொல்ல வேண்டும். இவற்றோடு அறத்துப்பாலில் உள்ள ‘வாய்மை’யையும் சேர்த்துக்கொண்டால் அளவுகோல் முழுமை பெறும். பேசுபவரின் ஓசை எந்த ஊராரின் ஓசையை ஒத்திருக்க வேண்டும் என்பது பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவுகோலைக் கையில் ஏந்தி, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசிய வணிகத் தலைவர் சிலரை நோக்குவோம்.

ஒரு விபத்து, இரண்டு தலைவர்கள்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. தொழிலாளர் 11 பேர் மாண்டனர். கடலடிக் கிணற்றிலிருந்து 87 நாள்கள் எண்ணெய் பீறிட்டது. மீனவரும் கடற்கரைச் சிறுவணிகரும் வாழ்விழந்தனர். கிணறு பி.பி. நிறுவனத்தினுடையது. அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவார்டு, இங்கிலாந்தில் பிறந்து ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர். நிர்வாகக் குழுத் தலைவர் கார்ல் ஹென்றிக் ஸ்வான்பர்க், சுவீடன் நாட்டவர். ஆங்கிலம் அவருக்குக் கற்ற மொழி.

மே 30ஆம் நாள் ஹேவார்டு செய்தியாளரிடம் பேசினார். இத்துயரம் முடிய வேண்டும் என்று தம்மைவிட விரும்புபவர் வேறெவரும் இலர் என்றும், தம் வாழ்க்கை தமக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும் கூறினார். இலக்கணத்தில் பிழையில்லை; ஒலிப்பில் பிழையில்லை. ஆயினும் வாழ்க்கையை உண்மையாகவே இழந்த பதினொரு குடும்பங்கள் அச்சொற்களைக் கேட்டன. சில நாள்களில் அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் பதவியை விட்டு நீங்கினார்.

ஜூன் 16ஆம் நாள் ஸ்வான்பர்க் அமெரிக்க அதிபரைக் கண்டுவிட்டு வெள்ளை மாளிகை வாயிலில் பேசினார். இழப்பீட்டுக்காக 2,000 கோடி டாலர் ஒதுக்க அவருடைய நிறுவனம் இசைந்த நாள் அது. பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பேராசை கொண்டவை என்று கூறுகிறார்கள், நாங்கள் அப்படியல்லர், என்று சொல்லவந்தவர், ‘ஸ்மால் பீப்பிள்’ மீது தங்களுக்கு அக்கறை உண்டு என்றார். எளிய மக்கள் என்பதே அவர் கருதிய பொருள். சுவீடிய மொழியில் பரிவோடு வழங்கும் ஒரு வழக்கை அவர் அப்படியே ஆங்கிலமாக்கிவிட்டார் என்று பலர் விளக்கினர். ஆனால் ஆங்கிலச் செவிக்கு அது ‘அற்பர்கள்’ என்று ஒலித்தது. வளைகுடாக் கரையில் சினம் மூண்டது. அன்றே அவர், தாம் செம்மையின்றிப் பேசிவிட்டதாகக் கூறி வருத்தம் தெரிவித்தார்.

இவ்விடத்தில் தமிழறிந்தோர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எளியோர்’ என்றால் இரக்கம் தோன்றுகிறது. ‘சிறியவர்’ என்றால் வயது தோன்றுகிறது. ‘சிறியர்’ என்றாலோ, செயற்கரிய செய்யமாட்டாதவர் என்னும் வள்ளுவர் வழக்கு நினைவுக்கு வந்து இழிவு தோன்றுகிறது. அயல்நாட்டார் ஒருவர் தமிழ் கற்று, எளியோரைச் சிறியர் என்று கூறிவிட்டால் அவரை நாம் கயவர் என்போமா? சொல்லகராதியில் அருகருகே நிற்கும் சொற்கள் மக்கள் உள்ளத்தில் நெடுந்தொலைவில் நிற்கின்றன என்பதே அவர் அறியாதது.

இருவரையும் நம் அளவுகோலால் அளப்போம். ஸ்வான்பர்க் தவறியது சொல்வன்மையில். ஹேவார்டு தவறியது அவையறிதலில். முன்னது நாவின் பிழை. நல்ல அகராதியும் நாள்பட்ட பழக்கமும் அதைத் திருத்தும். பின்னது நெஞ்சின் பிழை. துயருற்றோர் முன் நின்று தம் துயரை எண்ணியவரின் பிழை. அதைத் திருத்த எந்த இலக்கண நூலும் இல்லை. ஆயினும் கேட்டோர் இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தனர். இதுவே திறனாய்வாளர் சுட்டிக்காட்ட வேண்டிய முதற் குறை.

மொழிபெயர்ப்பாளரை நாடியவர்

இனி, என் மாணவர் சிரித்த காட்சிக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அது. கட்டுப்பாடின்றி வேகமெடுத்ததாகப் புகார்கள் எழுந்த நிலையில், டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பழுதுநீக்கத்திற்குத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. அக்கியோ டொயோடா தொடக்க அறிக்கையைத் தாமே ஆங்கிலத்தில் படித்தார். ஒவ்வொரு காரும் தம் பெயரைத் தாங்கியிருப்பதால், அவற்றுக்கு ஏற்படும் சேதம் தமக்கே ஏற்பட்டது போன்றது என்றார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ஜப்பானிய மொழிக்கு மாறி, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக விடையளித்தார். விடைகள் நேராக வரவில்லை என்று உறுப்பினர் சிலர் பொறுமை இழந்தனர்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாதா? அமெரிக்காவில் பாப்சன் கல்லூரியில் 1982ஆம் ஆண்டு வணிக நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர் அவர். 2019ஆம் ஆண்டு அதே கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் ஆங்கிலத்திலேயே உரையாற்றினார். மாணவராக இருந்தபோது தாம் விரும்பியுண்ட டோனட் பலகாரத்தைச் சொல்லி, ஒவ்வொருவரும் தமக்கு மகிழ்ச்சி தருவதைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று கூறிப் பட்டதாரிகளைச் சிரிக்கவைத்தார். அங்கு அவர் சிரிக்கவைத்தார். என் வகுப்பறையில் அவரைப் பார்த்துச் சிரித்தனர்.

எனவே, 2010இல் அவர் மொழிபெயர்ப்பாளரை நாடியதை இயலாமை என்று கூறல் பொருந்தாது. ஒரு சொல் பிறழ்ந்தாலும் வழக்காகவும் இழப்பீடாகவும் மாறக்கூடிய அவை அது. அங்கே மன்னிப்பைக் கேட்போரின் மொழியில் கூறினார்; விடையைத் தமக்கு உறுதியான மொழியில் கூறினார். அவையறிதல் என்பது இதுவன்றோ! விடைகள் மழுப்பலாக இருந்தன என்பது உண்மையானால், அக்குறை வாய்மையின்பாற்பட்டது, ஆங்கிலத்தின்பாற்பட்டதன்று. வணிகத்தில் மொழிபெயர்ப்பாளரை நாடுவது இழிவுமன்று. புதுச்சேரியை ஆண்ட துய்ப்ளே, துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளையைத் துணைக்கொண்டே தம் வணிகத்தையும் அரசையும் நடத்தினார் என்பதை நாம் அறிவோம்.

பிழையாகப் பிறந்த சொல்

இரண்டாம் மொழியாளர் ஆங்கிலத்தைக் கெடுக்கிறார்கள் என்பார் ஒரு செய்தியைக் கருத வேண்டும். சோனி நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான அக்கியோ மொரிட்டா அமெரிக்கச் சந்தையை அறிய வேண்டி 1963இல் குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினார். ஜப்பானிய ஒலி மாறாத ஆங்கிலத்தில் அமெரிக்கர்களோடு வாதாடவும் பழகினார். 1979இல் அவருடைய நிறுவனம் கையடக்க ஒலிநாடாப் பெட்டி ஒன்றை வெளியிட்டு ‘வாக்மேன்’ என்று பெயரிட்டது. ஜப்பானியர் தாமாகச் சேர்த்துக்கொண்ட ஆங்கிலச் சொல் அது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இப்பெயர் செல்லாது என்று கருதி, அமெரிக்காவில் ‘சவுண்ட்அபவுட்’ என்றும் பிரிட்டனில் ‘ஸ்டோவவே’ என்றும் வேறு பெயர்கள் சூட்டப்பட்டன. ஆனால் ஜப்பானுக்குச் சென்று திரும்பியோர் வாக்மேனையே கேட்டனர். மொரிட்டா எல்லா நாடுகளுக்கும் அவ்வொரு பெயரையே வைத்தார். 1986இல் அச்சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. பிழை என்று ஒதுக்கப்பட்ட சொல் ஏழே ஆண்டுகளில் மொழியின் உடைமையாயிற்று. மொழியை வளர்ப்போர் அம்மொழியில் பிறந்தோர் மட்டுமல்லர்.

ஆங்கிலத்தில் வென்றவர், தாய்மொழியில் தவறியவர்

சீனாவின் ஜாக் மா தமிழாசிரியர்க்கு நெருக்கமானவர். அவரும் ஆசிரியராக இருந்தவரே. ஹாங்சோவ் நகரில் வளர்ந்த அவர், சிறுவனாக இருந்தபோது வெளிநாட்டுப் பயணியர் தங்கும் விடுதிக்குச் சென்று, ஊதியம் பெறாமல் ஊரைச் சுற்றிக்காட்டி ஆங்கிலம் பழகினார். கல்லூரி நுழைவுத் தேர்வில் இருமுறை தவறினார். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று 1988இல் பட்டம் பெற்று, ஆங்கிலம் கற்பித்தார். 1999இல் அலிபாபா நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் அந்நிறுவனம் 2,500 கோடி டாலர் பங்குகளை வெளியிட்டது; அதுவரை உலகம் கண்ட பங்கு வெளியீடுகளில் அதுவே மிகப் பெரியது.

அவருடைய ஆங்கிலத்தில் காலம் காட்டும் வினைகள் சிற்சில இடங்களில் வழுவும். ஆயினும் வாக்கியங்கள் குறுகியவை. உவமைகள் அன்றாட வாழ்விலிருந்து எடுத்தவை. தம் தோல்விகளைச் சொல்லி அவர் தொடங்கும்போது கேட்போர் வழுவை எண்ணுவதில்லை. அவையஞ்சாமைக்கு அவர் நல்ல சான்று.

ஆனால் அவருக்குப் பெருங்கேடு விளைத்த பேச்சு எது? 2020ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஷாங்காயில் நடந்த நிதி மாநாட்டில் அவர் சீன மொழியில் ஆற்றிய உரையே அது. வங்கிகள் அடகுக்கடை மனப்பான்மையில் இருக்கின்றன என்று அதிகாரிகள் கூடியிருந்த அவையில் சாடினார். பத்தே நாள்களில், அவர் நிறுவிய ஆன்ட் நிறுவனத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது. அவ்வுரையே காரணம் என்று பலரும் கருதினர். அவர் கூறியது சரியா தவறா என்பது வேறு ஆய்வு. கற்ற மொழியில் உலகை வென்றவர் பெற்ற மொழியில் இடறினார் என்பதே நாம் காண வேண்டுவது. மொழித்தேர்ச்சி வேறு, அவையறிதல் வேறு.

ஒலியும் பொருளும்

ஒலிப்பு முற்றிலும் பொருட்டல்ல என்று நான் கூறவில்லை. பொருளைக் கெடுக்கும் ஒலிப்பும் உண்டு. கெடுக்காத ஒலிப்பும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கற்பிப்போர் கடமை. ஜெனிபர் ஜென்கின்ஸ் என்னும் மொழியியலறிஞர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தமக்குள் அதனைப் பேசும் முறையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ‘திங்க்’ என்னும் சொல்லின் முதலொலியை ஆங்கிலேயர் போல் நாவைப் பல்லிடை வைத்து ஒலிக்காவிடினும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை என்றும், உயிரொலியின் குறுக்க நீட்டம் பிறழ்ந்தால் பொருள் கெடும் என்றும் அவர் காட்டினார். ‘ஷிப்’ என்றால் கப்பல். ‘ஷீப்’ என்றால் ஆடு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைப் படு, பாடு என்று முதலாம் ஆண்டிலேயே கற்கும் தமிழ்ப்பிள்ளைக்கு இது புதிதா? தமிழை நன்கு கற்றவன் ஆங்கிலத்திற்கு வேண்டிய செவியைப் பாதி பெற்றுவிட்டான் என்று கூறுவதில் தவறில்லை.

வணிகர் நாவுக்கு இந்நாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் வாழ்ந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். குஜராத்தியரும் தமிழரும் சாவகரும் சீனரும் கூடிய அச்சந்தையில் மலாய் மொழியே பொதுமொழியாக நின்றது. ஒவ்வொருவரும் அதைத் தத்தம் தாய்மொழியின் ஓசையோடு பேசினர். சொன்ன விலை விளங்கியது, சொன்ன சொல் காக்கப்பட்டது, வணிகம் தழைத்தது. பொதுமொழி என்பது அதைப் பேசுவோர் அனைவர்க்கும் உரியது.

மாணவன் எழுப்பிய மறுப்பு

இச்செய்திகளை எல்லாம் ஒருநாள் வகுப்பில் விரித்துரைத்தேன். பின்வரிசை மாணவன் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்தான். “ஐயா, அவர் டொயோட்டாவின் தலைவர். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினாலும் உலகமே காத்திருக்கும். எனக்கு யார் காத்திருப்பார்?” என்று கேட்டான்.

என் வாதத்தின் வலுவற்ற இடத்தை அவன் தொட்டுவிட்டான். தலைவரின் வழு அவருடைய எளிமைக்குச் சான்றாகப் போற்றப்படுகிறது. வேலை தேடி வந்தவனின் வழு அவனுடைய அறிவுக்குறைவுக்குச் சான்றாகக் குறிக்கப்படுகிறது. வழு ஒன்றே, கேட்கும் செவியே வேறு. ஜப்பானிய வணிக நிறுவனமான ராகுட்டென் 2010இல் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அறிவித்து, 2012இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அதன் தலைவர் மிக்கித்தானி, ஹார்வர்டில் பயின்றவர். அவருக்கு அம்மாற்றம் எளிது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானியரோடு மட்டும் பணியாற்றிவந்த ஊழியர்க்கோ தேர்வு மதிப்பெண் பதவிக்கு நிபந்தனையாயிற்று. தலைவர்க்குக் கிடைக்கும் பொறுமை ஊழியர்க்குக் கிடைப்பதில்லை.

ஆகவே, ‘பெரியோரும் பிழையாகப் பேசுகிறார்கள்; நீ கவலைப்படாதே’ என்று மாணவனிடம் கூறுவது ஆறுதலாகலாம்; வழிகாட்டலாகாது. அவனுக்கு ஆங்கிலத்தைச் செம்மையாகவே கற்பிக்க வேண்டும். தலைவர்களைவிட அவனுக்கே அது கூடுதலாக வேண்டும். ஏனெனில் அவனுக்குப் பதவியென்னும் கவசம் இல்லை. ஆனால் செம்மை வேறு, நாணம் வேறு. நாணத்தை ஊட்டிச் செம்மையைக் கற்பிக்க முடியாது. பிழைக்கு அஞ்சுபவன் பேசுவதில்லை. பேசாதவனின் பிழையை எந்த ஆசிரியராலும் திருத்த இயலாது.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட தலைவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்கள் என்னும் கேள்விக்கு, அவர்களின் ஒலிப்பை வைத்து விடை கூறுதல் பொருந்தாது. தேர்ந்த சொல், அறிந்த அவை, அஞ்சாத நெஞ்சு, வாய்மை ஆகிய நான்கையும் வைத்தே கூற வேண்டும். அவ்வாறு அளந்தால், தாய்மொழியாளர் பலர் தோற்பதையும் இரண்டாம் மொழியாளர் சிலர் வெல்வதையும் காண்போம்.

தமிழாசிரியர்கள் இவ்வளவுகோலை முதலில் தம் வகுப்பில் பயன்படுத்துதல் வேண்டும். ஒரு மாணவன் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதிருப்போம். முதலில் அவன் கருத்துக்கு மறுமொழி கூறுவோம். பிறகே மொழிக்குத் திருத்தம் கூறுவோம். திருத்தும்போது, பொருளைக் கெடுத்த பிழை எது, செவிக்கு மட்டும் புதிதான ஒலி எது என்று பிரித்துச் சொல்வோம். சகமாணவர் சிரித்தால் சிரித்தவரைத் திருத்துவோம்.

‘எனக்கு யார் காத்திருப்பார்?’ என்று கேட்ட மாணவனுக்கு அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அடுத்த வாரம் அவனை எழுப்பி, அந்த ஒளிப்பதிவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னேன். மூன்று நிமிடம் பேசினான். இடையில் ஒருமுறை சொல் கிடைக்காமல் நின்றான். வகுப்பு காத்திருந்தது.

உலகம் அவனுக்காகக் காத்திருக்குமா என்பது நம் கையில் இல்லை. வகுப்பறை காத்திருக்க வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.